ஹெல்ப்பர் என்றொரு வேலை கிடையாது

தூத்துக்குடி துறைமுகத்தைச் சுற்றியுள்ள எந்த யார்டின் சம்பளப் பட்டியலைப் புரட்டினாலும் பாதிப் பக்கத்துக்கு மேல் ஒரே பதவிதான் வரும்: ஹெல்ப்பர். காண்ட்ராக்ட்காரர் அனுப்பும் ஆள் கணக்கில் ஹெல்ப்பர், இன்சூரன்ஸ் படிவத்தில் ஹெல்ப்பர், கையில் காலில் அடிபட்டால் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் ஹெல்ப்பர். இந்த ஊரில் பல வருடமாக பர்சனல் பிரிவில் வேலை பார்க்கிறவள் நான் (இப்போது எச்.ஆர். என்கிறார்கள், நாற்காலி அதேதான்). ஹெல்ப்பர் வேலை செய்கிற ஒரு ஆளை இன்றுவரை நான் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் வேறு ஏதோ ஒரு வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

ஒரு உதாரணம். ஆப்பிரிக்காவிலிருந்து முந்திரிக்கொட்டை ஏற்றிய கண்டெய்னர் யார்டுக்கு வருகிறது. அதன் கதவை யாராவது திறக்க வேண்டும். பூச்சி விழாமல் இருக்க ஏற்றுமதி செய்த ஊரில் மருந்துப் புகை போட்டு அனுப்பியிருப்பார்கள். மெத்தில் புரோமைடாக இருந்தால் நிறமும் இருக்காது, மூக்குக்கும் பெரிதாகத் தெரியாது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையாக இருந்தால் மூட்டைகளுக்கு நடுவே சாம்பல் நிறத் தூள் கிடக்கும். அதிலிருந்து வரும் பாஸ்பீன் ஆளையே கொல்லக்கூடியது. இது போதாதென்று, கடலில் ஆடி ஆடி வந்ததில் மூட்டைகள் சரிந்து கதவின்மேல் சாய்ந்திருக்கலாம். கைப்பிடியைத் தூக்கி வலப்பக்கக் கதவை விடுவித்த நொடியில் அத்தனையும் மேலே வந்து விழும்.

அனுபவமுள்ள ஆள் என்ன செய்வார் தெரியுமா? முதலில் கதவில் அபாயச் சீட்டு ஒட்டியிருக்கிறதா, கிழித்த அடையாளம் இருக்கிறதா என்று பார்ப்பார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து அதற்கு மேல்பக்கமாக நிற்பார். இரண்டு கதவின் கம்பிகளையும் சேர்த்து ஒரு பட்டையைக் கட்டிவிட்டு, கதவுக்கு நேரே நிற்காமல் ஓரமாக நின்று, ஒரு சாண் அளவுக்குத் திறந்து, உள்ளே ஏதாவது உருளும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பார். வாயு அளக்கும் மீட்டர் இருந்தால், திறக்கும் முன்பே அதன் குழாயைக் கதவின் ரப்பர் இடுக்கில் விட்டு அளந்திருப்பார். பிறகு முழுக்கத் திறந்துவிட்டுத் தள்ளிப் போய்விடுவார். அவசரப்படுத்தும் சூப்பர்வைசரிடம், "கொஞ்சம் பொறுங்க சார், மூச்சு விடட்டும்" என்பார். மூச்சு விடுவது கண்டெய்னர்.

இவரும் ஹெல்ப்பர். யார்டு வாசலில் லாரிக்குக் கல் போட்டு நிறுத்துகிறவரும் ஹெல்ப்பர். சம்பளமும் ஒன்றே. கதவு திறக்கும் ஆள் லீவு போட்டால் கல் போடுகிற ஆளை அங்கே அனுப்பிவிடுவார்கள், இருவருக்கும் பட்டியலில் ஒரே பெயர்தானே.

மேலாண்மைப் பாடப் புத்தகத்தில் இதற்கு ஒரு அத்தியாயம் உண்டு. பணிப் பகுப்பாய்வு என்பார்கள். ஒரு வேலையில் என்ன செய்கிறார்கள், எதைக்கொண்டு, எந்த இடத்தில், எவ்வளவு நேரம், யாருக்குப் பதில் சொல்லி, தவறினால் என்ன ஆகும் என்பதையெல்லாம் நேரில் பார்த்துக் கேட்டு எழுதுவது. அதிலிருந்து இரண்டு காகிதம் பிறக்கும். வேலை இன்னது என்று சொல்லும் பணி விவரம் ஒன்று. அதைச் செய்ய ஆளுக்கு என்ன வேண்டும் என்று சொல்லும் தகுதி விவரம் இன்னொன்று. ஆள் எடுப்பது, பயிற்சி, கூலி, பதவி உயர்வு, பாதுகாப்புக் கருவி என்று பின்னால் வருவதெல்லாம் இந்த இரண்டு காகிதத்தின் மேல்தான் நிற்கிறது. எம்.பி.ஏ. படித்த பிள்ளைகள் இதைப் பரீட்சையில் பத்து மார்க்குக்கு அழகாக எழுதுவார்கள். வேலைக்கு வந்ததும் வேறு கம்பெனியின் பணி விவரத்தை வாங்கி, பெயரை மட்டும் மாற்றிக் கோப்பில் வைப்பார்கள். நான் பார்த்த ஒரு யார்டின் பணி விவரத்தில், லேஷிங் கம்பி தூக்குகிறவருக்குத் தேவையான முதல் தகுதியாக "சிறந்த தகவல்தொடர்புத் திறன்" இருந்தது. கப்பல் தளத்தில், ஆளைவிட நீளமான இரும்புக் கம்பியைத் தலைக்குமேல் ஏந்தி, கண்டெய்னரின் மூலை ஓட்டையில் மாட்டுகிறவருக்கு! தோள் பலம் பற்றியோ, உயரத்தில் தலை சுற்றாமல் இருப்பது பற்றியோ அதில் ஒரு வரி இல்லை.

இந்தக் கரையில் வேலையைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் முத்துச் சலாபத்தைப் பற்றி, அதாவது முத்துக்குளிப்பைப் பற்றி, அவர்கள் கேள்விப்படவில்லை என்றுதான் அர்த்தம்.

தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் நடந்தது 1961இல். அதற்கு முந்தைய இரண்டு மூன்று நூற்றாண்டுச் சலாபங்கள் பற்றி வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதி வைத்த குறிப்புகள் ஏராளம். அவற்றில் ஒரு தோணியின் ஆள் கணக்கைப் பாருங்கள். நடத்துபவர் தண்டல். சுக்கான் பிடிக்க ஒருவர். தண்ணீர் இறைக்க ஒரு பையன். குளிப்பவர்கள் பெரும்பாலும் பத்துப் பேர்; இரண்டிரண்டு பேருக்கு ஒரு கல். ஒருவர் கல்லில் கால் வைத்து இறங்கும்போது மற்றவர் மேலே மூச்சு வாங்குவார். குளிப்பவர் ஒவ்வொருவருக்கும் கயிறு பிடிக்க மேலே ஒரு ஆள். கீழே போனவர் கயிற்றை அசைத்ததும் இழுக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேலை. ஆனால் ஒரு கணம் அசந்தால் கீழே ஒரு உயிர் போகும். அதனால்தான் கயிற்றை மச்சினன் கையில் கொடுப்பார்கள், அக்கா தாலியை நினைத்தாவது விடாமல் பிடிப்பான் என்று எங்கள் பக்கத்தில் சொல்வதுண்டு. தகுதி விவரத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதிவிட முடியாது.

கயிறு பிடித்தவருக்கும் பங்கு உண்டு. அவரை யாரும் ஹெல்ப்பர் என்று சொல்லவில்லை.

பங்கு பிரித்த முறையும் கவனிக்க வேண்டியது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1890இல் இந்தச் சலாபம் பற்றி ஒரு குறிப்பு வெளியிட்டார். கரைக்கு வந்ததும் குளித்தவரே தன் சிப்பிகளை மூன்று குவியலாகப் போட வேண்டும். அதில் இரண்டை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும். எந்த இரண்டு என்பதை அரசாங்கத்தின் ஆள் தேர்ந்தெடுப்பார். எனவே ஒரு குவியலில் மட்டும் நல்லதைப் போட்டால் குவித்தவருக்கே நஷ்டம். மேற்பார்வையாளர் இல்லாமலேயே நேர்மை வரும்படி வேலையை அமைத்திருக்கிறார்கள். மூன்றில் இரண்டு அரசாங்கத்துக்கு என்பது பகல் கொள்ளை என்பது வேறு விஷயம். பழைய காலத்தைப் புகழ்வது என் நோக்கமல்ல; கொற்கையின் முத்துக்குளிப்பில் தண்டனைக் கைதிகளை இறக்கினார்கள் என்று முதல் நூற்றாண்டின் பெரிப்ளூஸ் நூல் சொல்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த பதவி கடல்கட்டி. சுறா வராமல் மந்திரம் போட்டுக் கடலைக் கட்டுகிறவர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, மீனை மயக்குகிற இவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில அரசாங்கமும் இவர்களை வைத்துக்கொண்டுதான் சலாபம் நடத்தியது. இன்றைக்கு ஒரு கன்சல்டன்ட் வந்தால் முதலில் வெட்டும் பதவி இதுதான். "இவருடைய உற்பத்தி என்ன?" என்று கேட்பார். மந்திரத்துக்குச் சுறா பயந்ததோ இல்லையோ, கடல்கட்டி கரையில் நிற்காவிட்டால் குளிக்கிறவர்கள் கல்லில் கால் வைக்க மாட்டார்கள். அவருடைய உற்பத்தி மற்றவர்களின் தைரியம். வேலையைப் பார்க்காமல் பட்டியலை மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரியவே தெரியாது.

முத்து போனாலும் சங்கு இருக்கிறது. திரேஸ்புரம் பக்கம் இன்றைக்கும் சங்கு குளிக்கப் போகிறார்கள். கல் இல்லை, கயிறு பிடிக்கிற மச்சினன் இல்லை; படகில் ஒரு கம்ப்ரசர், அதிலிருந்து ஒரு நீளக் குழாய், வாயில் அதன் முனை. கீழே இருப்பவர் மணிக்கணக்காக இருக்கலாம். அதுவே ஆபத்து, சட்டென்று மேலே வந்தால் இரத்தத்தில் காற்றுக்குமிழ் கட்டி கை கால் இழுத்துக்கொள்ளும். மேலே கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருப்பார். இன்ஜின் புகை உறிஞ்சு வாய்க்குள் போகாமல் பார்ப்பது, டீசல் தீராமல் பார்ப்பது, குழாய் மடங்காமல் விடுவது எல்லாம் அவர் பாடு. பழைய கயிற்றுக்காரரின் வேலை இன்னும் சிக்கலாகி இவரிடம் வந்திருக்கிறது. ஆனால் இரண்டு பேர் அட்டையிலும் 'மீனவர்' என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. உலகத் தொழிலாளர் அமைப்பின் தொழில் வகைப்பாட்டில் நீருக்கடியில் வேலை செய்பவர்களுக்கு 7541 என்று தனி எண் கொடுத்து, சிப்பி குளிப்பவரையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். கரையோரத்தில் மீன் பிடிப்பவருக்கு 6222. இரண்டும் இரண்டு தொழில் என்பது ஜெனீவாவில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வலை இழுக்கிறவருக்குச் செய்கிற மருத்துவப் பரிசோதனை போதும் என்று நாம்தான் இருக்கிறோம்.

இதையெல்லாம் எழுதி வைக்கலாமே என்று நோட்டோடு போனால் தொழிலாளிகள் வாய் திறக்க மாட்டார்கள். அதில் நியாயம் இருக்கிறது. பணிப் பகுப்பாய்வுத் துறையின் பிள்ளையார் சுழியே சரக்கு ஏற்றும் கூலிகளின் முதுகில்தான் போடப்பட்டது. 1899இல் அமெரிக்காவின் பெத்லஹேம் எஃகு ஆலையில் பிரெடரிக் டெய்லர் ஸ்டாப்வாட்ச் வைத்து ஆராய்ந்தது, 92 பவுண்டு இரும்புப் பாளங்களைச் சுமந்து ரயில் வண்டியில் ஏற்றுகிறவர்களை. ஒரு ஆள் நாளைக்குப் பன்னிரண்டரை டன் ஏற்றிக்கொண்டிருந்தார். எப்போது தூக்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொல்லிச் சொல்லி அதை நாற்பத்தேழரை டன்னாக்கினேன் என்று 1911இல் வெளியான நூலில் டெய்லர் பெருமைப்பட்டார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்தது. வேலை ஏறக்குறைய நான்கு மடங்கு, கூலி ஒன்றரை மடங்கும் கொஞ்சமும். கணக்கு தெரிந்த எந்தத் தொழிலாளியும் நோட்டும் கடிகாரமுமாக வருகிறவரைக் கண்டால் சந்தேகப்படத்தான் செய்வார். நம் துறைமுகங்களிலும் ஒரு ஷிப்டுக்கு இவ்வளவு டன், ஒரு கேங்குக்கு இத்தனை ஆள் என்ற பேச்சு எழும்போதெல்லாம் யூனியன்காரர்கள் முதலில் கேட்பது, "யாரைக் குறைக்கப் போறீய?" என்றுதான்.

இதற்கு மருந்தும் அந்தத் துறைக்குள்ளேயே உண்டு. ஜான் ஃபிளனகன் என்ற உளவியலாளர், உலகப் போரில் விமானிகளை ஆராய்ந்த அனுபவத்திலிருந்து 1954இல் ஒரு முறையை எழுதினார். "உங்கள் வேலை என்ன?" என்று கேட்காமல், நீங்கள் செய்த எந்தக் காரியத்தால் நிலைமை தப்பியது, எதைச் செய்யாததால் கெட்டது என்று குறிப்பிட்ட சம்பவங்களாகக் கேட்பது. நான் அதை நம் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டேன். "அண்ணாச்சி, நீங்க ஒருநாள் வரலைன்னா யாருக்குக் கஷ்டம்?" என்பேன். அந்தக் கேள்விக்கு வாய் திறக்காத ஆளே இல்லை. காற்றாலை இறக்கை ஏற்றிய டிரெய்லரோடு போகிற ஒருவர், "நான் இல்லைன்னா கரண்டு கம்பிக்குத்தாம்மா கஷ்டம்" என்றார். எண்பது மீட்டர் நீள இறக்கை ஊருக்குள் திரும்பும்போது, நீளக் கழியால் மின்கம்பியைத் தூக்கிப் பிடிக்கிறவர் அவர். எந்தக் கம்பியில் மின்சாரம் நிறுத்தியாயிற்று, எதில் இல்லை என்று லைன்மேனிடம் கேட்டுக்கொண்டே நடக்க வேண்டும். மழை பெய்தால் அந்தக் கழியைத் தொடக்கூடாது. அவருடைய சம்பளச் சீட்டிலும் அதே பதவி. எழுதியதைத் திரும்ப அவரிடமே படித்துக் காட்டி, சரி என்று கையெழுத்து வாங்கிய பிறகுதான் அது பணி விவரம். அதுவரை அது என் கற்பனை.

வேலையின் விவரத்தில் ஓய்வும் அடக்கம் என்பதை இந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியபோது கூலியோடு சேர்த்து வேலை நேரத்தையும் வார விடுமுறையையும் கேட்டார்கள். அவர்களுக்குத் துணை நின்ற வ.உ.சி.யின் பெயரைத்தான் 2011இல் துறைமுகத்துக்கு வைத்தோம். அவர் பெயரைத் தாங்கிய வளாகத்துக்கு வெளியே, மே மாத வெயிலில் தகரப்பெட்டியின் உள்ளே மூட்டை அடுக்குகிறவர் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வர வேண்டும் என்று எழுதிய காகிதம் எத்தனை யார்டில் இருக்கிறது?

என் அம்மா முள்ளக்காடு பக்கம் உப்பளத்துக்குப் போனவர். ஆண்கள் பாத்தியில் உப்பை வாரிக் கரையேற்றுவார்கள். பெண்கள் தலைச்சுமையாகத் தூக்கிப்போய் அம்பாரத்தில் கொட்டுவார்கள். வாருவது ஒரு கூலி, சுமப்பது அதைவிடக் குறைந்த கூலி. சுமப்பது லேசான வேலை என்று யார் அளந்தார்கள்? யாரும் அளக்கவில்லை. ஒரு நடைக்கு எத்தனை கிலோ, அம்பாரம் உயர உயர எவ்வளவு ஏற்றம், நாளைக்கு எத்தனை நடை, காலில் ஊறும் உப்புநீர், கண்ணைக் கூசும் வெள்ளை: இவற்றை எழுதிப் பக்கத்தில் வாருகிறவரின் விவரத்தையும் எழுதினால் பேச ஒரு ஆதாரம் கிடைக்கும். ஒரே வேலைக்கு, அல்லது ஒத்த தன்மையுள்ள வேலைக்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்று 1976ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பும் அதைத் தொடர்கிறது. ஆனால் ஒத்த தன்மை உண்டா இல்லையா என்று தீர்மானிக்க, இரண்டு வேலையையும் யாராவது பிரித்து எழுதியிருக்க வேண்டும். எழுதாத வரைக்கும் அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு உப்பளத்துப் பெண் ஒன்றும் செய்ய முடியாது. அம்மாவுக்கு இன்றும் உள்ளங்காலில் தோல் வெடிப்பு ஆறவில்லை.

இப்போது இதைப் பேசக் காரணம் இருக்கிறது. சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் மின்கார் தொழிற்சாலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். துறைமுகத்தை விரிவாக்கும் திட்டங்களும் இருக்கின்றன. உடனே எல்லாக் கட்சிக்காரர்களும் "உள்ளூர்க்காரர்களுக்கே வேலை" என்று மேடை போடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் உள்ளூர்ப் பையனையும் பெண்ணையும் வெளியே நிறுத்துவது கம்பெனியின் வாசல் கேட் அல்ல, தகுதி விவரம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட ஆள் வேண்டும் என்ற விளம்பரத்தில் "இதே துறையில் மூன்று வருட அனுபவம், ஆங்கிலத்தில் சரளம்" என்று இரண்டு வரி சேர்ந்துவிட்டால், ஆறுமுகனேரியிலிருந்தும் ஓட்டப்பிடாரத்திலிருந்தும் வருகிற ஐ.டி.ஐ. பிள்ளைகள் விண்ணப்பமே போட முடியாது. அந்த இரண்டு வரி அந்த வேலைக்கு உண்மையிலேயே வேண்டுமா என்று எந்தக் கட்சியும் கேட்டதாக நினைவில்லை. நான் எந்தக் கம்பெனியையும் குறிவைத்துச் சொல்லவில்லை. இந்தப் பழக்கம் எங்கும் இருக்கிறது, எங்கள் சரக்கு யார்டுகளில் நிறையவே இருக்கிறது.

மாவட்ட நிர்வாகம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. ஆள் எடுக்கும் முன், ஒவ்வொரு வேலைக்குமான பணி விவரத்தையும் தகுதி விவரத்தையும் தமிழில் பகிரங்கமாக வையுங்கள் என்று சொல்லட்டும். காண்ட்ராக்ட் விடுகிறவர்கள், டெண்டரோடு அதை இணைக்காவிட்டால் டெண்டரே செல்லாது என்று ஆக்கட்டும். "ஹெல்ப்பர் 40 பேர்" என்று எழுதி வருகிற டெண்டரைத் திருப்பி அனுப்பட்டும். செலவாகும் என்பார்கள். ஒரு யார்டின் அத்தனை வேலையையும் எழுத, வேலை தெரிந்த ஒரு மேஸ்திரியும் எழுதத் தெரிந்த ஒருவரும் சில வாரம் சேர்ந்து உட்கார்ந்தால் போதும். பெங்களூரிலிருந்து யாரும் விமானத்தில் வர வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் டாலி கிளார்க் வேலைக்கு "ஏதேனும் ஒரு பட்டம்" என்று கேட்பது வழக்கம். டாலி வேலை என்ன? வருகிற ஒவ்வொரு கண்டெய்னரின் எண்ணையும் எழுதுவது: நான்கு எழுத்து, ஏழு இலக்கம். கடைசி இலக்கம் மற்றவை சரிதானா என்று சோதிப்பதற்காகவே வைத்தது. உப்புக்காற்றில் பெயின்ட் உரிந்து 8 எது, 3 எது, B எது என்று குழம்பும். பழைய ஆள் கதவில் பார்த்ததைப் பக்கவாட்டில் போய் ஒத்துப்பார்ப்பார். சீலைக் கண்ணால் மட்டும் பார்க்காமல் கையால் முறுக்கிப் பார்ப்பார்; ஒட்டுப்போட்ட சீல் அப்போதுதான் அகப்படும். ஏற்கெனவே நசுங்கியிருந்த மூலையை வாங்கும்போதே குறித்துவிடுவார், இல்லையென்றால் நஷ்டம் யார்டின் தலையில் விழும். இரவு இரண்டு மணிக்கு, வரிசையில் நிற்கிற டிரைவர் ஹாரன் அடிக்கும்போது, இதையெல்லாம் அவசரப்படாமல் செய்ய வேண்டும். இதில் பி.காம். எங்கே வருகிறது?

பட்டத்தை எடுத்துவிடலாம் என்று நான் எழுதிக் கொடுத்தபோது, விண்ணப்பம் மலைபோலக் குவியும், எப்படி வடிகட்டுவது என்று மேலிடத்தில் கேட்டார்கள். குவியட்டும், தேர்வை மாலை விளக்கு வைக்கிற நேரத்தில் யார்டிலேயே வைத்துக்கொள்வோம், ஆளுக்கு ஒரு டார்ச்சும் ஒரு நோட்டும் கொடுத்தால் போதும் என்றேன்.